ஊர் விட்டு ஊர் வந்தோர்: தோல் தொழிலும் தமிழக முஸ்லிம்களின் உள்நாட்டுக் குடிபெயர்வும்



தமிழக முஸ்லிம்களின் குடிபெயர்வு பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு உடனே கடல் கடந்து போய்விடுகிறது. ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு என்று தொடங்கி, துபாய், ரியாத், குவைத் என்று முடிகிறது. அந்த வரலாறு பலமுறை எழுதப்பட்டுவிட்டது. ஆனால் கப்பலும் கடவுச்சீட்டும் இல்லாமல், ஒரு துணி மூட்டையோடு ரயிலேறி, இதே மாநிலத்திற்குள் ஊர் விட்டு ஊர் வந்து குடியேறியோரின் வரலாறு நம் மலர்களில் அரிதாகவே இடம்பெறுகிறது. இன்று நகரத்து மஹல்லாக்களில் ‘பழைய குடும்பங்கள்’ என்று மதிக்கப்படுவோருள் பலர், மூன்று அல்லது நான்கு தலைமுறைக்கு முன் அவ்வாறு வந்தோரின் வழித்தோன்றல்களே. அவர்களைப் பெருமளவில் இடம்பெயரச் செய்த தொழில்களுள் முதன்மையானது தோல் தொழில். அதன் வழியே இவ்வரலாற்றைச் சுருக்கமாகக் காண்பதும், அது இன்றைய ஜமாஅத்துகளுக்கு உணர்த்தும் ஒரு கடமையை எடுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊரை விட்டுக் கிளம்பியது ஏன்?

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டை ஆகிய கடற்கரைப் பட்டினங்கள் ஒரு காலத்தில் சொந்தப் பாய்மரக் கப்பல்களால் செழித்தவை. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரும், அவருக்குப்பின் டச்சுக்காரரும் கடல் வாணிபத்தைத் தம் பிடிக்குள் கொண்டுவர முயன்றனர். எனினும் மரைக்காயர்கள் தாக்குப்பிடித்தனர். 19-ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்கள் வந்து, 1869-இல் சூயஸ் கால்வாயும் திறக்கப்பட்டபின், சரக்குகள் பெரிய துறைமுகங்களை நாடிச் சென்றன. சிறிய துறைகளின் வாணிபம் மெல்ல மெல்லத் தேய்ந்தது.

உள்நாட்டிலும் நிலைமை கடினமாகவே இருந்தது. இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளின் மானாவாரி நிலங்கள் மழையை மட்டுமே நம்பியிருந்தன. ஆங்கிலேய ஆலைத் துணிகளின் வரவால் கைத்தறியை நம்பிய குடும்பங்கள் நலிந்தன. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய பெரும் பஞ்சம் எல்லாச் சமூகத்தாரையும் போலவே முஸ்லிம்களையும் இடம்பெயர வைத்தது.

இவை ஊரிலிருந்து தள்ளிய காரணங்கள். வெளியிலிருந்து ஈர்த்த காரணங்களுள் முதன்மையானது ரயில் பாதை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. பின்னர் அப்பாதை ஆம்பூர், வாணியம்பாடி வழியாக மேற்கே நீண்டது. தெற்கே தூத்துக்குடி வரையிலும் பாதை அமைந்தபின், திருநெல்வேலிக்காரர் ஒருவர் சென்னைக்கு வந்து சேர வாரக்கணக்கில் வண்டி ஓட்ட வேண்டிய நிலை மாறிற்று.

தோல் தொழிலுக்கு வந்தது எவ்வாறு?

தோல் பதனிடுவதைப் பல சாதியார் தீட்டாகக் கருதி ஒதுங்கியிருந்தனர். வாணிபத்தில் கைதேர்ந்த செட்டியார் சமூகத்தார் பலரும் அதில் முதல் போடத் தயங்கினர். முஸ்லிம்களுக்கு அத்தடை இல்லை. எனவே முதலீட்டாளராகவும், கச்சாத் தோல் கொள்முதல் செய்வோராகவும், தரகராகவும் அவர்கள் இத்தொழிலில் நுழைந்தனர். சுண்ணாம்புக் குழிகளிலும் பட்டைத் தொட்டிகளிலும் இறங்கி உடலுழைப்பை நல்கியோரில் பெரும்பாலோர் ஆதிதிராவிட மக்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது. நம் சமுதாயத்தின் செல்வத்தில் அவர்களின் வியர்வையும் கலந்திருக்கிறது.

பேச்சு வழக்கில் ‘தோல் ஷாப்’ என்று அழைக்கப்படும் இவ்விடங்களின் பணிமுறையே குடிபெயர்வுக்கு வழிகோலியது. வாரச் சந்தைகளிலும் இறைச்சிக் கடைகளிலும் ஆட்டுத் தோலையும் மாட்டுத் தோலையும் ஒவ்வொன்றாக வாங்கி, கெடாமலிருக்க உப்பிட்டுச் சேகரிப்பார் ஒருவர். அவை தோல் ஷாப்புக்குச் சென்று சுண்ணாம்பில் ஊறி, முடி நீக்கப்பட்டு, ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காய்ச் சாற்றிலும் பதப்படும். பதமான தோல் சென்னைப் பெரியமேட்டின் சைடனாம்ஸ் சாலைப் பகுதியிலிருந்த மண்டிகளுக்கு வந்து, தரகர் வழியாக ஏற்றுமதி நிறுவனங்களிடம் விற்கப்பட்டு, இலண்டன் சந்தைக்குக் கப்பலேறும். ஆக, கிராமத்துச் சந்தை முதல் சென்னை மண்டி வரை ஒவ்வொரு கட்டத்திலும் நம்பிக்கைக்குரிய ஆள் தேவைப்பட்டார். கடனுக்குச் சரக்குக் கொடுக்கும் தொழிலில் முகம் தெரியாதவரை நம்ப இயலாது. எனவே முதலில் வந்தவர் தம் தங்கை மகனை வரவழைத்துக் கணக்கெழுத வைத்தார். அவர் தம் மைத்துனரை அழைத்துக் கொள்முதலுக்கு அனுப்பினார். ஒரே ஊரைச் சேர்ந்தோர் ஒரே தொழிலில், ஒரே தெருவில் குழுமியதற்கு இதுவே காரணம்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை, திண்டுக்கல், திருச்சி செம்பட்டு, ஈரோடு என்று தோல் ஷாப்புகள் பெருகின. 1903 முதல் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனைகளை நடத்தினார். 1912-இல் பல்லாவரத்தை அடுத்து நிறுவப்பட்ட குரோம் தோல் தொழிற்சாலையால்தான் குரோம்பேட்டை அப்பெயர் பெற்றது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையினரின் காலணிகளுக்குச் சென்னை மாகாணத் தோல் பெருமளவில் தேவைப்பட்டது. அவ்வாண்டுகளில் தொழில் செழித்தது. போர் முடிந்தபின் விலை சரிந்து பலர் நொடித்தும் போயினர். இத்தொழிலில் ஏற்றமும் இறக்கமும் எப்போதும் இணைந்தே வந்தன.

பல்லாவரம் காட்டிய பாடம்

சென்னையின் தென்புறப் புறநகரான பல்லாவரம் நம் குடிபெயர்வு வரலாற்றில் தனியிடம் பெறத்தக்கது. நகர நெருக்கடிக்கு வெளியே இடமும், அருகிலேயே ரயிலும் வாய்த்திருந்ததால் தோல் தொழில் அங்கே வேரூன்றியது. தென் மாவட்டங்களிலிருந்தும் தஞ்சைப் பகுதியிலிருந்தும் தமிழ் முஸ்லிம்கள் அங்கு வந்து குடியேறினர். 1960-களின் பிற்பகுதியில் மேட்டிசன் மைன்ஸ் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர் அங்குத் தங்கி, இம்மக்களின் வாழ்வை நேரில் ஆய்ந்தார். முஸ்லிம் வணிகர்களைப் பற்றிய அவரது நூல் 1972-இல் வெளிவந்தது.

அவர் கண்டவற்றுள் இரண்டு செய்திகள் நாம் சிந்திக்கத்தக்கவை. முதலாவது: ராவுத்தர், லெப்பை, மரைக்காயர், காயலர் என்னும் நான்கு பிரிவினரும் சொந்த ஊர்களில் தத்தம் பிரிவுக்குள்ளேயே பெரும்பாலும் கொண்டு கொடுத்து வாழ்ந்தவர்கள். அங்கே ‘நீ யார்?’ என்று கேட்டால் குடும்பப் பெயரும் பிரிவும் விடையாகும். பல்லாவரத்திலோ, கேட்பவருக்கு அக்குடும்பமும் தெரியாது, அத்தெருவும் தெரியாது. அங்கே ‘முஸ்லிம்’ என்பதே முதல் விடையாயிற்று. பிரிவு வேறுபாடுகள் பின்னுக்குச் சென்றன; மார்க்கக் கடமைகளில் பற்று கூடியது. தனித்தனியாக வந்தோரைப் பொதுவான ஒரு சமூகமாக்கியது அவர்களின் தொழுகையும் பள்ளிவாசலுமே.

இரண்டாவது: அவ்வாறு ஒன்றுபட்ட பின்னரும் அவர்கள் சொந்த ஊரை விட்டுவிடவில்லை. பெண் எடுப்பதும் கொடுப்பதும் பெரும்பாலும் சொந்த ஊர் உறவிலேயே நடந்தன. பெருநாளுக்கு ஊர் சென்றனர்; ஊர்ப் பள்ளிவாசலுக்குச் சந்தாவும் அனுப்பினர். அதாவது, குடிபெயர்ந்தவருக்கு ஒரே வேளையில் இரண்டு ஜமாஅத்துகள் இருந்தன: ஒன்று உறவால், மற்றொன்று வாழ்வால்.

பெண்களின் பங்கு

குடிபெயர்வு வரலாற்றை ஆண்களின் வரலாறாகவே எழுதிவிடுகிறோம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் திருமணத்திற்குப்பின் பெண் தன் தாய் வீட்டிலேயே இருக்க, மணமகன் அங்கு வந்து தங்குவது வழக்கம். ஆகவே அவ்வூர் ஆண்கள் சென்னை மண்ணடியிலும் பிற நகரங்களிலும் ஆண்டுக்கணக்கில் தனியே தங்கி வாணிபம் செய்தபோது, பிள்ளைகளின் படிப்பு, முதியோர் பேணல், கொடுக்கல் வாங்கல் அனைத்தையும் பெண்களே சுமந்தனர். இம்முறையால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டின் பாதுகாப்பு கிட்டியது. ஆனால் கணவனின் துணை கிட்டவில்லை.

தோல் தொழிலுக்காகக் குடும்பத்தோடு இடம்பெயர்ந்தோரின் நிலை வேறு. அங்கே பெண் தன் தாய், தமக்கை, அண்டை வீட்டார் அனைவரையும் பிரிந்து, அறியாத தெருவில் வாடகை வீட்டில் குடிபுகுந்தாள். பேறுகாலத்தில் உதவ ஆளில்லை. கணவன் இறந்துவிட்டால் ஆதரவாகப் பேச ஊரார் இல்லை. புதிய ஜமாஅத் தன்னை ஏற்றுக்கொண்டதா இல்லையா என்பதை ஆணைவிட அவளே முதலில் உணர்ந்தாள்.

வந்த இடத்தில் விதைத்தவை

இவ்வாறு வந்தோர் பொருள் ஈட்டியதோடு நிற்கவில்லை. மேல்விஷாரத்தில் 1863-இல் எளிய குடும்பத்தில் பிறந்த நவாப் சி. அப்துல் ஹக்கீம் தோல் வணிகத்தால் உயர்ந்து, சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தருகே சித்தீக் சராய் என்னும் தங்கும் விடுதியை நிறுவினார். வெளியூரிலிருந்து வந்து இறங்கும் முஸ்லிம் பயணிக்கு முதல் இரவு தலை சாய்க்க இடம் வேண்டும் என்பதை, தாமே ஊர் விட்டு வந்த ஒருவர் உணர்ந்து செய்த அறம் அது.

தோல் வணிகச் செல்வரான ஜமால் முஹம்மது சாகிப் பெரம்பூர் ஜமாலியாவைப் பேணியதும், அவர் நிறுவிய சங்கத்தின் அழைப்பில் அல்லாமா இக்பால் 1929-இல் சென்னை வந்து சொற்பொழிவாற்றியதும், அவர் பெயரில் 1951-இல் திருச்சியில் கல்லூரி எழுந்ததும் நாம் அறிந்தவை. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-இலும், காகா முஹம்மது உமர் அவர்களால் உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாம் 1924-இலும், சென்னைப் புதுக்கல்லூரி 1951-இலும் உருவாயின. இவற்றுக்குத் தோல் வணிகர்கள் அளித்த கொடை பெரிது.

திருநெல்வேலி பேட்டையில் 1896-இல் பிறந்த முஹம்மது இஸ்மாயில் சாகிப், ஒத்துழையாமை இயக்கத்தின்போது கல்லூரிப் படிப்பைத் துறந்து, சென்னையில் தோல் வணிகத்தில் ஈடுபட்டார், குரோம்பேட்டையில் குடியிருந்தார். பிற்காலத்தில் அவரே ‘காயிதெ மில்லத்’ என்று போற்றப்பட்டு, கேரளத்தின் மஞ்சேரித் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்திற்கு மும்முறை தேர்ந்தெடுக்கப்பட்டார். 1972-இல் மறைந்தபோது திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார். பேட்டையில் பிறந்து திருவல்லிக்கேணியில் அடங்கிய அவரை எவரும் வெளியூரார் என்று எண்ணியதில்லை.

மாநில எல்லையைத் தாண்டியும் இப்பயணம் நீண்டது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிப் பகுதி முஸ்லிம்களும் ஆதிதிராவிடரும் பம்பாய் சென்று, தாராவியில் தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டனர். தாராவியின் மிகப் பழைய பள்ளிவாசலான படீ மஸ்ஜித் 1887-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பிழைப்புக்காகச் சேற்று நிலத்தில் குடிசை போட்டோர், தங்கள் கூரை உறுதிப்படுமுன்பே தொழுமிடத்தை எழுப்பிக்கொண்டனர்.

பின்னர் வந்த அலைகள்

1942-இல் ஜப்பானியப் படையெடுப்பின்போதும், 1960-களில் தேசியமயமாக்கலின்போதும் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுள் முஸ்லிம்களும் கணிசமாக இருந்தனர். அவர்களுள் பலருக்குச் சொந்தக் கிராமத்தில் பிழைப்பில்லை, சென்னைக்கே வந்தனர். கடற்கரைச் சாலையோரம் 1969-இல் தோன்றிய பர்மா பஜார் அவ்வாறு திரும்பியோரின் மறுவாழ்வுக்காக அமைந்ததே.

1973 முதல் நடுவண் அரசு பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாக்கப்பட்ட தோலையும் காலணியையும் ஊக்குவித்தது. இம்மாற்றத்திற்கு ஈடுகொடுக்க இயலாத சிறு தோல் ஷாப்புகள் நலிந்தன. ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதிகளில் காலணித் தொழிற்சாலைகள் பெருகின. தோல் கழிவு நீரால் பாலாற்றுப் படுகையின் நிலமும் கிணறும் கெட்டதன் பேரில் தொடரப்பட்ட வழக்கில், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் புகழ்பெற்ற தீர்ப்பை வழங்கியது. சுத்திகரிப்பு வசதி இன்றித் தொழில் நடத்த இயலாது என்ற நிலை வந்தது. அது நியாயமான தீர்ப்பே. அக்கிணற்று நீரைக் குடித்தோரில் நம்மவரும் இருந்தனர். எனினும் சிறு முதலாளிகளும் தொழிலாளரும் மீண்டும் ஊர் மாறவேண்டியதாயிற்று.

இன்று மகனின் கல்லூரிக்காக, மகளின் கணினி வேலைக்காக, மருத்துவ வசதிக்காகக் குடும்பங்கள் நகரம் வருகின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழக முஸ்லிம்கள் 42 லட்சத்திற்கும் மேற்பட்டோர், மக்கள்தொகையில் 5.86 விழுக்காட்டினர். அவர்களுள் பெரும்பான்மையோர் நகர்ப்புறவாசிகள். இதற்கிடையே பீகார், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம், அசாம் மாநிலங்களிலிருந்து வந்த முஸ்லிம் இளைஞர்கள் தோல், காலணி, கட்டடம், உணவகத் தொழில்களில் உழைக்கின்றனர். ஜும்ஆ நாளில் நம் பள்ளிவாசல்களின் பின் வரிசைகளில் அவர்களைக் காண்கிறோம்.

நம் பதிவேட்டில் யார் இருக்கிறார்கள்?

இனி நம் காலத்துக்கு வருவோம். பல ஜமாஅத்துகளில் தலைக்கட்டுப் பதிவேடு சொந்த வீடு உடையோரையும் பரம்பரைக் குடும்பத்தாரையும் மட்டுமே கொண்டிருக்கிறது. வாடகைக்கு வந்தோர் பத்து ஆண்டுகள் தொழுதாலும் ‘வெளியூர்க்காரர்’ என்றே கருதப்படுகின்றனர். அவர்தம் மகனுக்கு நிக்காஹ் நிச்சயமானால் ஜமாஅத் கடிதம் வேண்டும். சொந்த ஊர் ஜமாஅத்தோ, “பையன் இங்கே பிறக்கவில்லை, எங்களுக்கு அவனைத் தெரியாது” என்கிறது. வசிக்கும் இடத்து ஜமாஅத், “எங்கள் பதிவேட்டில் பெயர் இல்லை” என்கிறது. மையித்து விழுந்த வீட்டில், அடக்க அனுமதி கேட்டு நிர்வாகிகளைத் தேடி அலையும் நிலையும் சில இடங்களில் உண்டு. இரண்டு ஜமாஅத்துகள் இருக்கவேண்டியவருக்கு ஒன்றும் இல்லாமற்போகிறது.

2020 மார்ச் 25-இல் நாடு முழுதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது இதன் விளைவைக் கண்கூடாகக் கண்டோம். வேலையும் கூலியும் இன்றி நகரங்களில் சிக்கியோரில் நம் பதிவேடுகளில் இடம்பெறாதோர் எத்தனையோ பேர். பதிவேட்டை மட்டும் நம்பி நிவாரணம் வழங்கியிருந்தால் இவர்களுக்கு ஒரு பொட்டலமும் போய்ச் சேர்ந்திராது. தெருத்தெருவாகச் சென்று விசாரித்து உணவளித்த இளைஞர்களாலேயே பல இடங்களில் அக்குறை தீர்ந்தது.

ஜமாஅத்துகளின் தயக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. முன்னோர் வக்ஃப் செய்த சொத்தை, நேற்று வந்தோர் வாக்குரிமையால் கைப்பற்றிவிடக் கூடாது என்ற அச்சம் உண்டு. மணமகன் ஏற்கெனவே மணமானவரா என்பதை விசாரிக்காமல் கடிதம் கொடுத்தால் ஒரு பெண்ணின் வாழ்வு பாழாகும் என்ற கவலையும் உண்டு. ஆனால் இவ்விரண்டுக்கும் தீர்வு, பெயரைப் பதியாமலிருப்பது அன்று; முறையாகப் பதிந்துகொள்வதே. எவரையும் அறியாமலிருக்கும் ஜமாஅத்தால் எவரைப் பற்றியும் விசாரிக்க இயலாது.

ஆகவே மூன்று யோசனைகளை நிர்வாகத்தின் முன்னும் பொதுக்குழுவின் முன்னும் பணிவுடன் வைக்கிறோம்.

முதலாவது, மஹல்லாவில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒவ்வொரு முஸ்லிம் குடும்பத்தையும், தனியே தங்கிப் பணிபுரியும் ஒவ்வொருவரையும் ‘குடியிருப்போர் பதிவேடு’ ஒன்றில் பதிதல் வேண்டும். நிர்வாகத் தேர்தலில் வாக்குரிமையைச் சில ஆண்டு வசிப்புக்குப்பின் வழங்கலாம். ஆனால் நிக்காஹ், ஜனாஸா, மக்தப், பைத்துல்மால் ஆகியவற்றில் முதல் நாளிலிருந்தே வேறுபாடு கூடாது.

இரண்டாவது, வெளியூருக்குக் குடிபெயரும் நம் உறுப்பினர்க்கு ஓர் அறிமுகக் கடிதம் அளித்து, சேருமிடத்து ஜமாஅத்தில் பதிந்துகொள்ளுமாறு வலியுறுத்த வேண்டும். அங்கிருந்து விசாரித்து வரும் கடிதங்களுக்குக் காலந்தாழ்த்தாமல் விடையளிக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழகத்தில் எல்லாத் திருமணங்களும் அரசிடம் பதிவு செய்யப்பட வேண்டியிருப்பதால், நம் நிக்காஹ் தஃப்தரும் முகவரி முதலான விவரங்களில் ஐயமற்றதாக இருத்தல் அவசியம்.

மூன்றாவது, புதிதாக வந்த வீட்டுப் பெண்களை நம் வீட்டுப் பெண்கள் சென்று கண்டு நலம் விசாரிக்கும் வழக்கத்தைத் தொடங்க வேண்டும். இதற்குச் செலவு ஏதுமில்லை.

மக்காவைத் துறந்து மதீனா வந்தோரையும் மதீனத்து அன்ஸாரிகளையும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இணை இணையாகச் சகோதரர்களாக்கினார்கள். ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவருக்காகத் துஆச் செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி கேட்டார்கள். இந்நிகழ்ச்சியில் வந்தவரின் தன்மானத்தையே நாம் மிகுதியும் பாராட்டுகிறோம். ஆனால் பாதியைத் தர ஒருவர் முன்வந்தமையால்தான், மற்றவர் அந்நியர் என்ற உணர்வின்றிக் கடைவீதிக்கு நடக்க முடிந்தது.

பல்லாவரத்திற்கும் பெரியமேட்டிற்கும் தாராவிக்கும் வந்தோரும் கடைவீதிக்கு வழி கேட்டு வந்தவர்களே. அவர்களுள் பலரின் பேரர்கள் இன்று நிர்வாகிகளாகவும் கொடையாளர்களாகவும் விளங்குகின்றனர். இன்று பின் வரிசையில் தொழுதுவிட்டு, எவரிடமும் பேசாமல் வெளியேறும் இளைஞரின் பேரன் நாளை இவ்வறிக்கையில் கையொப்பமிடும் செயலாளராக இருக்கக்கூடும். அவர் பெயரை இந்த ஆண்டே எழுதிக்கொள்வோம்.

ஊர் விட்டு வந்தோர்க்கும், அவரை வரவேற்போர்க்கும், ஊரில் காத்திருப்போர்க்கும் வல்ல அல்லாஹ் பரக்கத்தை நல்குவானாக! ஆமீன்.